வரவேற்பறையில் ஒரு விளையாட்டுப் பெட்டி



மல்காஜ்கிரியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்கள். கணவருக்குக் கச்சிபௌலியில் இரவுப் பணி. மகனுக்கு வயது 13. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கு நடுவே வளருகிற பிள்ளை. பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கினால் பிளேஸ்டேஷன் வாங்கித் தருவதாகத் தகப்பன் வாக்குக் கொடுத்துவிட்டார், பிள்ளையும் வாங்கிவிட்டான். சபையில் ஒருவர் அது பிசாசின் கண்ணி என்கிறார். உறவினரோ, வெறும் விளையாட்டுச் சாமான்தானே என்கிறார். "ஐயா, நான் யார் சொல்லைக் கேட்பது?" என்பது சகோதரியின் கேள்வி.

பிரியமானவர்களே, விளையாட்டு என்றவுடன் முகம் சுளிக்கவேண்டாம். சகரியா 8:5-ஐ வாசித்துப் பாருங்கள். சிறையிருப்பிலிருந்து திரும்பிய ஜனத்துக்குத் தேவன் கொடுத்த ஆசீர்வாத வாக்குத்தத்தங்களில், எருசலேமின் தெருக்களில் சிறுவரும் சிறுமியரும் விளையாடும் காட்சியும் ஒன்று. சொந்த மண்ணைவிட்டு வந்த நமக்கு இந்த வசனம் ஆறுதல் தருகிறது. ஆனால் நம் பிள்ளைகளுக்குத் தெரு எங்கே இருக்கிறது? அடுக்குமாடியின் நான்காம் தளத்தில், வாகன நிறுத்துமிடத்துக்குமேல் குடியிருக்கிறோம். தெரு இல்லாத பிள்ளை திரையைத் தேடுகிறான். இதை மனதில் வைத்துக்கொண்டு இந்தப் பெட்டியின் நிறைகுறைகளைப் பார்ப்போம்.

முதலாவது நிறைகள். கைப்பேசி விளையாட்டைப் பிள்ளை போர்வைக்குள்ளும் ஒளித்து விளையாடலாம். பிளேஸ்டேஷனை வரவேற்பறைத் தொலைக்காட்சியோடு இணைத்துவிட்டால், பிள்ளை என்ன பார்க்கிறான் என்பது வீட்டார் எல்லாருக்கும் தெரியும். இருவர் அருகருகே அமர்ந்து விளையாடும் கால்பந்து, கார்ப் பந்தயம் போன்றவை ஏராளம். பெற்றோர் தங்கள் கணக்கின்கீழ்ப் பிள்ளைக்கு ஒரு கணக்குத் திறந்து, நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம், எந்த வயதுக்குரிய விளையாட்டு, எவ்வளவு பணம், பிறரோடு பேசலாமா கூடாதா என்று வரம்பு வைக்கலாம். குறித்த நேரம் முடிந்ததும் பெட்டி தானே வெளியேற்றிவிடும்படியும் அமைக்கலாம். இந்த வசதி இருப்பதே நம் வீடுகளில் பலருக்குத் தெரியாது.

நம் ஐதராபாத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2009-ஆம் ஆண்டில் இந்நகரத்து கேம்சாஸ்திரா நிறுவனம், பிளேஸ்டேஷன் 2-க்காக 'தேசி அட்டா' என்ற விளையாட்டை உருவாக்கியது. கபடி, கில்லி தண்டா, பட்டம் விடுதல் போன்ற நம் நாட்டு விளையாட்டுகள் அதில் இருந்தன. நாம் கிட்டிப்புள் என்று ஆடியதை நம் பிள்ளைகள் திரையில் காணும்படி ஆயிற்று. வெளியில் ஆடக் கொடுத்துவைக்காத பிள்ளைக்கு அதுவும் ஓர் அறிமுகமே.

இனி குறைகள். பிளேஸ்டேஷன் 5 நம் நாட்டில் 2021 பிப்ரவரி 2-ஆம் தேதி விற்பனைக்கு வந்தபோது, வட்டு போடும் பெட்டியின் விலை 49,990 ரூபாய். வட்டு இல்லாததன் விலை 39,990 ரூபாய். பத்தாயிரம் மிச்சம் என்று இரண்டாவதை எடுத்தவர்கள் பின்பு யோசித்தார்கள். வட்டாக வாங்கினால் முடித்தபின் விற்கலாம், சபைப் பிள்ளைகளுக்குள் மாற்றிக்கொள்ளலாம். இணையத்தின் வழியே வாங்கியதை அப்படிச் செய்ய இயலாது. பெட்டியோடு ஒரு கன்ட்ரோலர்தான் வரும்; இரண்டாவதைத் தனியே வாங்கவேண்டும். விலை கொடுத்து வாங்கும் பெரும்பாலான விளையாட்டுகளை இணையத்தில் பிறரோடு ஆட, தனிச் சந்தாவும் உண்டு. கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலில் செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று ஆண்டவர் சொன்னது (லூக்கா 14:28) இதற்கும் பொருந்தும்.

பணத்தைவிடப் பெரிய குறைகளும் உண்டு. அட்டையில் 18 என்று அச்சிட்ட விளையாட்டைப் பத்து வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுகிறோம். அந்த எண் விளையாட்டின் கடினத்தைக் குறிப்பதன்று. அதிலுள்ள கொலையையும் ஆபாசத்தையும் குறித்த எச்சரிப்பு. முகமறியாத அந்நியர் காதருகே பேசும் வாய்ப்பும் உண்டு. விளையாட்டுக்குள்ளேயே, உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாமல் பணம் கொடுத்துத் திறக்கும் பொதிகளும் உண்டு. சூதாட்டத்தின் ருசி அதில் ஒளிந்திருக்கிறது.

அடிமைத்தனத்தையும் சொல்லவேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனமும் சேர்க்கப்பட்டது. கட்டுப்பாடு இழத்தல், மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அதையே வைத்தல், கேடு வந்தும் விடமுடியாமை ஆகியவை அதன் அடையாளங்கள். சில நாள் ஆர்வத்தை அப்படிச் சொல்வதில்லை. பொதுவாக ஓராண்டளவு நீடிக்கவேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014 முதலே இதற்கென ஒரு சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்காக உபவாசித்து ஜெபியுங்கள். மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். இது விசுவாசக் குறைவு அல்ல.

இப்பொழுது என் சாட்சியைச் சொல்லவேண்டும். 2006-இல் என் மகனுக்குப் பத்து வயது. செகந்திராபாத்தில் ஒரு கடையில் பிளேஸ்டேஷன் 2 வாங்கினேன். உள்ளே ஒரு சிப் பொருத்தினால் நகல் வட்டுகளும் ஓடும், மிச்சமாகும் என்றார் கடைக்காரர். தலையசைத்தேன். அந்த வாரம் ஞாயிறு பள்ளியில் நான் நடத்திய பாடம் ஆகானைப் பற்றியது. வீடு திரும்புகையில் மகன் கேட்டான்: "அப்பா, ஆகான் கூடாரத்துக்குள்ளே ஒளிச்சு வச்ச மாதிரிதானே நம்ம வீட்டு சிடியும்?" பேருந்தில் அதற்குமேல் நான் பேசவில்லை. அன்று இரவே அந்த வட்டுகளை அவன் முன்பாக உடைத்துப்போட்டு, அவனிடமும் தேவனிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

அதோடு சரியாயிற்று என்று நினைத்தேன். ஆனால் என் பெரிய குற்றம் வேறொன்று. பெட்டியோடு இரண்டாவது கன்ட்ரோலரும் வாங்கியிருந்தேன், அவனோடு ஆடவேண்டும் என்று. பகலில் அலுவலகம், மாலையில் கூட்டங்கள், வீட்டு ஜெபங்கள், ஊழியக் காரியங்கள். அவன் சத்தமில்லாமல் விளையாடியது எனக்கு வசதியாக இருந்தது. இன்று அவனும் ஒரு தகப்பன். சென்ற ஆண்டு பேச்சுவாக்கில் சொன்னான்: "என்னென்ன கேம் ஆடினேன்னு மறந்துபோச்சுப்பா. அந்த ரெண்டாவது கன்ட்ரோலர் கவர் பிரிக்காமலே இருந்தது மட்டும் ஞாபகம் இருக்கு." குற்றஞ்சாட்டும் குரலில் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அதிகமாய் வலித்தது.

ஆகவே சகோதரிக்கு என் ஆலோசனை இதுவே. தகப்பன் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். வாக்கு மாறுவது பெட்டியைவிட அதிகக் கேடு செய்யும். வட்டு போடும் பெட்டியாக வாங்குங்கள். படுக்கையறையில் வைக்காமல், வரவேற்பறையில் வையுங்கள். நேரத்தையும் செலவையும் வயதையும் முதல் நாளிலேயே வரம்பிடுங்கள். குடும்ப ஜெப வேளையில் பெட்டி அணைந்திருக்கட்டும். நகல் வட்டு வேண்டாம். எல்லாம் கூடுமென்றாலும் எதற்கும் அடிமைப்படமாட்டேன் என்ற பவுலின் தீர்மானத்தை (1 கொரிந்தியர் 6:12) பிள்ளையோடு சேர்ந்து வாசியுங்கள்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை: ஐயா, இரவுப் பணி முடித்து நீங்கள் களைத்து வருவதை அறிவேன். வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரமாவது இரண்டாவது கன்ட்ரோலரைக் கையில் எடுங்கள். நிச்சயமாகத் தோற்றுப்போவீர்கள். பிள்ளை சிரிப்பான். அந்தச் சிரிப்பின் நடுவே, பள்ளியில் என்ன நடந்தது என்று உங்கள் பிள்ளை தானாகவே சொல்லத் தொடங்குவான்.

நம் பிள்ளைகளைக் கர்த்தர் காப்பாராக. அவர்களோடு அமர நமக்கும் நேரத்தையும் மனதையும் தருவாராக. ஆமென்.