இறக்கைக்கு எதற்கு மானியம்?

டி.ஆர்.எஸ். என்றதும் அம்பயரைப் பார்த்துக் கையால் 'டி' போடும் கேப்டன் ஞாபகத்துக்கு வந்தால் நீங்கள் நம்மாளு. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு டி.ஆர்.எஸ். ஃபார்முலா ஒன் கார் ரேஸில் 2011 முதல் 2025 வரை பதினைந்து சீஸன் நடந்த கூத்து அது. ஸ்டியரிங்கில் ஒரு பட்டன். அமுக்கினால் காரின் பின் இறக்கையில் உள்ள மேல் தகடு படுத்துக்கொள்ளும். காற்று தடையில்லாமல் போகும். கார் இன்னும் வேகமெடுக்கும். சரி, யார் வேண்டுமானாலும் அமுக்கலாமா? கூடாது. முன்னால் போகிறவருக்கு ஒரு செகண்டுக்குள் பின்னால் வருகிறவர் மட்டும்தான், அதுவும் குறித்துக் கொடுத்த இடத்தில் மட்டும்தான் அமுக்கலாம்.

அதாவது, நன்றாக ஓட்டி முன்னால் போனவருக்கு ஒன்றும் கிடையாது. பின்தங்கியவருக்கு மானியம்! ஏழைக்கு ரேஷன் அரிசி கொடுத்தால் நியாயம். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்குப் பந்தயத்தின் நடுவில் எதற்கய்யா ரேஷன்?

காருக்கு எதற்கு இறக்கை என்கிறீர்களா? விமான இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்து மாட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தைக் காற்று மேலே தூக்குகிறது. காரைத் தரையோடு அழுத்துகிறது. டவுன்ஃபோர்ஸ் என்பார்கள். அந்த அழுத்தம் இருந்தால்தான் வளைவில் டயர் வழுக்காது. ஆனால் அதே இறக்கை நேர்ப் பாதையில் காற்றோடு மல்லுக்கட்டும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்கு.

நான் பி.காம். படித்தவன். இன்ஜினீயரிங் தெரியாது; பற்று வரவு தெரியும். இறக்கையைச் செங்குத்தாக நிமிர்த்தினால் வளைவில் வரவு, நேர்ப் பாதையில் பற்று. சாய்த்துப் படுக்கவைத்தால் கணக்கு தலைகீழ். இரண்டு பக்கமும் வரவு என்று ஒரு பேரேடு உலகத்தில் கிடையாது. மொனாக்கோவின் குறுகலான தெருக்களில் கார்கள் முரட்டு இறக்கையோடு ஓடும். இத்தாலியின் மோன்ஸா வேறு ஜாதி. 5.793 கிலோமீட்டர் சுற்றில் சுமார் முக்கால் பங்குக்கு ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டே போகலாம். அங்கே இறக்கை முறுக்குத் தட்டு மாதிரி மெலிந்துவிடும். ஆனால் 350 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, முதல் திருப்பத்தில் நம் பைபாஸ் பஸ் வேகத்துக்கு இறங்க வேண்டுமே! அழுத்தம் குறைந்த கார் பிரேக் போட்டால் அலைபாயும். எவ்வளவு மெலிய வைப்பது? அங்கேதான் இருக்கிறது ரேஸின் சூட்சுமம்.

2010-ல் அதே மோன்ஸாவில் நடந்ததைப் பாருங்கள். மெக்லாரன் டீம் ஒன்றுதான், கார் ஒன்றுதான். ஜென்சன் பட்டன் பெரிய இறக்கை கேட்டார். கூடவே எஃப்-டக்ட் என்ற காற்றுக் குழாய். டிரைவர் அதை இயக்கினால் நேர்ப் பாதையில் பின் இறக்கையின் தடை குறையும். லூயிஸ் ஹாமில்டன் அந்தக் குழாயே வேண்டாம், சின்ன இறக்கை போதும் என்றார். தகுதிச் சுற்றில் பட்டன் 2-ம் இடம், ஹாமில்டன் 5-ம் இடம். ரேஸில் ஹாமில்டன் முதல் சுற்றிலேயே மோதி வெளியேற, பட்டன் முன்னணியில் ஓடி, கடைசியில் ஃபெராரியின் அலோன்ஸோவிடம் தோற்று இரண்டாவதாக வந்தார். யார் கணக்கு சரி? இன்றைக்கும் விவாதிக்கலாம். அவரவர் முடிவு, அவரவர் லாப நஷ்டம். இதுதான் சார் பந்தயம்!

அந்த எஃப்-டக்ட் மெக்லாரனின் மூளையில் உதித்தது. மற்ற டீம்கள் பார்த்துக் காப்பியடித்தன. 2011-ல் அதைத் தடை செய்தார்கள். அதே 2011-ல்தான் டி.ஆர்.எஸ். வந்தது. சொந்தமாக யோசித்துச் சம்பாதித்தால் தப்பு; விதிப்புத்தகம் கொடுக்கும் இனாமை வாங்கிக்கொண்டால் சரி. எந்த ஊர் நியாயம் இது?

எதிர்வாதம் உண்டு. முன்னால் போகும் கார் காற்றைக் கலக்கிவிடுகிறது. பின்னால் வருகிற காருக்கு அழுத்தம் குறைந்து வளைவில் நெருங்க முடிவதில்லை. 2010 அபுதாபியில் அலோன்ஸோ, பெட்ரோவின் பின்னால் மாட்டிக்கொண்டு, 4 பாயின்ட்டில் உலகப் பட்டத்தை வெட்டலிடம் பறிகொடுத்ததைத் தவறாமல் உதாரணம் காட்டுவார்கள். உண்மைதான். வியாதி உண்மை, மருந்துதான் போலி. காற்று கலங்குவதைக் குறைக்கும்படி காரை மாற்று என்பதுதானே சரியான வைத்தியம்? 2022-ல் அதைத்தான் செய்தார்கள். காரின் அடிப்பகுதியிலிருந்து அதிக அழுத்தம் கிடைக்கும்படி புது விதி வந்தது. பிறகாவது பட்டனைப் பிடுங்கினார்களா? இல்லை. இன்னும் நான்கு சீஸன் ஓட்டினார்கள்!

பட்டன் இல்லாவிட்டால் ரேஸ் சப்பென்று இருக்குமா? 1971 மோன்ஸா. பீட்டர் கெத்தின் ஜெயித்த வித்தியாசம் 0.01 செகண்ட். முதல் ஐந்து பேரும் 0.61 செகண்டுக்குள் கோட்டைத் தாண்டினார்கள். அப்போது வேகத்தைக் குறைக்கும் திருப்பங்கள் அங்கே இல்லை, காரும் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று பின்னால் வந்தவருக்கு உதவியது முன்னால் போன கார் கிழித்துவிட்ட காற்று. அதற்கு யாரும் பட்டன் வைக்கவில்லை.

'அப்படியானால் விதியே வேண்டாமா?' என்று கேட்காதீர்கள். 1969-ல் ஸ்பெயினில், உயரமான கம்பிகளின் மேல் நிறுத்திய இறக்கைகள் உடைந்து, கிரஹாம் ஹில், யோகன் ரிண்ட் இருவரின் லோட்டஸ் கார்களும் நொறுங்கின. இரண்டு வாரத்தில் மொனாக்கோவில் அந்த இறக்கைகளைத் தடை செய்தார்கள். சபாஷ். மறு வருஷம் மோன்ஸாவில் ரிண்ட், வேகத்துக்காக இறக்கையைக் கழற்றிவிட்டுப் பயிற்சிக்குப் போனார். 1970 செப்டம்பர் 5. கடைசித் திருப்பத்துக்குப் பிரேக் போடும்போது கார் திரும்பித் தடுப்பில் மோதியது. இறந்தார். அந்த வருஷ உலகப் பட்டம் இறந்தவருக்கே போனது. இறக்கை இல்லாததால்தான் செத்தார் என்று சொல்ல மாட்டேன். முன் பிரேக் ஷாஃப்ட் முறிந்ததுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் டீமின் தலைவர் காலின் சாப்மன் சொல்லி இறக்கையில்லாமல் ஓட்டிப்பார்த்த இன்னொரு டிரைவர் ஜான் மைல்ஸ், கார் நேராகவே போகவில்லை என்றார்.

விதி போடுகிறவர்கள் தலையிட வேண்டிய இடம் அது. இறக்கை உடையுமா, வளையுமா, ஆளைக் கொல்லுமா என்று எடை வைத்து அழுத்திச் சோதிக்கட்டும். யார் யாரை முந்த வேண்டும் என்பது அவர்கள் வேலையில்லை.

2026 விதிகளில் டி.ஆர்.எஸ். ஒழிந்தது. அப்பாடா என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். இப்போது முன், பின் இரண்டு இறக்கைகளுமே நேர்ப் பாதையில் படுத்துக்கொள்ளும், வளைவில் எழுந்துகொள்ளும். எல்லோருக்கும் பொது என்பதால் பாரபட்சம் போனது, சந்தோஷம். ஆனால் மோன்ஸாவுக்கென்று இறக்கையை இழைத்து இழைத்து மெலிய வைக்கும் அந்தத் துணிச்சலுக்கு இனி என்ன விலை? நேர்ப் பாதையில் பற்றே விழாது என்றால் கணக்கெழுத ஆள் எதற்கு? அந்த ஒரு செகண்ட் சலுகையும் சாகவில்லை. ஒரு செகண்டுக்குள் வருகிறவருக்கு பேட்டரியிலிருந்து கூடுதல் மின்சாரம்! மானியம் ரத்தாகவில்லை. இறக்கைக் கணக்கிலிருந்து மின்சாரக் கணக்குக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த முறை டிவியில் மோன்ஸா ரேஸ் பார்க்கும்போது யாராவது சர்ரென்று யாரையாவது முந்துவார். கைதட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்... இது அவர் சம்பாதித்ததா, கொடுத்ததா?