மணலின் சாதகம்

பாட்டனார் பிறந்த ஆண்டை அறிய வேண்டுமாயின் பெட்டகத்திலுள்ள சாதகவோலையை எடுத்துப் பார்க்கலாம். ஓர் ஆறு தன் வழியைவிட்டு விலகிய காலத்தை அறிவதெப்படி? அது விட்டுச் சென்ற மணலைத்தான் கேட்க வேண்டும்.

வட இந்தியாவிலே, இராசத்தானின் வடபாகத்திற் காளிபங்கன் என்னுமிடத்தில், சிந்துவெளி நாகரிகத்தைச் சேர்ந்த நகரமொன்றின் இடிபாடுகள் உள்ளன. 1960ஆம் ஆண்டு தொடக்கம் அங்கு அகழ்வு நடைபெற்றது. அருகே அகன்றதோர் ஆற்றுப் பள்ளம் கிடக்கின்றது. இன்று அதற்குரியது மழைக்காலத்தில் மாத்திரம் நீர் காணும் கக்கர் ஆறு. முன்னொரு காலத்தில் இமயத்து நீரைச் சுமந்த பேராறு இவ்வழியே ஓடியதென்றும், அது வற்றியமையாலேயே நகரங்கள் பாழ்பட்டன என்றும் பலர் கூறிவந்தனர். கேட்பதற்கு இனிய கதை. நாமும் நெடுங்காலம் நம்பியிருந்தோம்.

ஆற்றில் உருண்டு வரும் குவாட்சு முதலிய கனிய மணிகள், வெயில் பட்டதும் தம்முள் அடைபட்டிருந்த சக்தியை இழந்துவிடுகின்றன. புதையுண்ட பின்னரோ, சுற்றியுள்ள மண்ணின் கதிர்த்தொழிற்பாட்டினால் இலத்திரன்கள் அம்மணிகளுட் சிறிது சிறிதாக மீண்டும் சிறைப்படுகின்றன. ஆய்வுகூடத்தில் ஒளியைப் பாய்ச்சினால் அவை விடுபட, மணி மங்கலாக மினுங்குகின்றது. அம்மினுக்கத்தைக் கொண்டு மணி பெற்ற கதிர்வீச்சு முழுவதையும் கணித்து, ஓராண்டிற் பெறும் அளவால் வகுத்தால், அது கடைசியாக வெயில் கண்ட காலம் புலப்படும். 1985இல் வெளியிடப்பட்ட முறை இது. வெளிச்சம் பட்டாற் கணக்கு அழிந்துவிடுமாகையால், மணலை ஒளிபுகாக் குழாய்களில் எடுத்து, மங்கிய செவ்வொளியிலேயே திறக்கிறார்கள். புகைப்படக்காரரின் இருட்டறையேதான்!

காளிபங்கன் பள்ளத்தைத் துளையிட்டு ஆராய்ந்தோரின் முடிவு 2017இல் வெளியாயிற்று. அடியிலிருந்த மணல் சட்லெஜ் நதி கொணர்ந்ததே. ஆயினும் அந்நதி சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன்னர் விலகத் தொடங்கி, சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்னரே முற்றாக அகன்றுவிட்டதாம். பெருநகரங்கள் எழுந்ததோ ஏறக்குறைய 4,600 ஆண்டுகளுக்கு முன்னர்தான். ஆறு கைவிட்ட பின்னரே மக்கள் வந்து குடியேறினர்! எமக்கு இதில் வியப்பில்லை. கரைபுரளும் பேராற்றின் ஓரத்தைக் காட்டிலும், பருவமழை நீர் மாத்திரம் வந்து சேரும் பழைய பள்ளத்தோரம் குழந்தை குட்டிகளுடன் வாழ்வோர்க்கு அச்சமற்றதன்றோ?

2019இல் வேறோர் குழுவினர் இதனை மறுத்தனர். 9,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 4,500 ஆண்டுகளுக்கு முன்வரை உயர் இமயத்து நீர் அவ்வழியே மீண்டும் ஓடியதென்பது அவர்கள் வாதம். அவர்கள் காட்டும் சாட்சியும் அதே பள்ளத்தின் மணல்தான்.