குளிர்நாட்டுக் கொல்லை

உருளைக்கிழங்கு இல்லாத விருந்தை இன்று நம்மால் எண்ணிப் பார்க்கவும் முடியவில்லை. ஆயினும் அது நமக்கு வந்த விருந்தாளிதான். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் பிறந்தது. கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் துரை உதகமண்டலத்தில் பயிரிட்டுப் பார்த்த சீமைக் காய்கறிகளுள் அதுவும் ஒன்று.

ஆண்டிஸ் மலைக் குடியானவர்கள் அந்த ஒரு கிழங்கை மட்டும் நம்பி வாழ்ந்தவர்களல்லர். ஓகா, உள்ளுகோ, மஷுவா என்று வேறு கிழங்குகளையும் அதனுடன் விளைவித்து வந்திருக்கிறார்கள். ஒன்று பொய்த்தால் மற்றொன்று கைகொடுக்கும் அல்லவா? அயர்லாந்து தேசத்து ஏழைகளோ அந்த ஒன்றையே ஜீவாதாரமாகக் கொண்டிருந்தார்கள். 1845-ஆம் வருஷத்தில் தொடங்கிய அழுகல் நோயினாலும், அதைத் தொடர்ந்த பஞ்சத்தினாலும் அங்கே சுமார் 10 லட்சம் ஜனங்கள் மாண்டனர்.

இது தூரதேசத்துக் கதை என்று நாம் அசட்டையாக இருப்பதற்கில்லை. கிழங்கின் வேரைத் தாக்கும் நூற்புழு 1961-ல் நம் நீலகிரியிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. முட்டைகள் நிறைந்த அதன் கூடுகள் பல வருஷங்கள் மண்ணில் அழியாமல் கிடக்கும். ஆகவே, மலைநாட்டில் வாழும் நேயர்கள் தங்கள் கொல்லையில் வேறு சிலவற்றுக்கும் இடங்கொடுப்பது அவசியம். இரண்டை இங்கே சொல்லுகிறோம்.

முதலாவது சௌசௌ. பெங்களூர்க் கத்தரிக்காய் என்றும் சொல்வதுண்டு. மெக்ஸிகோ பக்கத்திலிருந்து வந்த இக்கொடியின் காய்க்குள் ஒரே விதைதான். அது காய்க்குள்ளேயே முளைத்துவிடும். முளைவிட்ட காயை முழுவதும் மூடாமல், மண்ணில் சாய்வாகப் பாதி புதைத்து, மேலே பலமான பந்தல் போட்டால் போதும். காய் கூட்டுக்கு ஆகும். இளந்தளிர் கீரைக்கு ஆகும். முதிர்ந்த கொடியின் கிழங்கையும் வேகவைத்து உண்ணலாம்.

இரண்டாவது மரத்தக்காளி. இதுவும் ஆண்டிஸ் மலையைச் சேர்ந்ததே. நட்ட இரண்டு வருஷங்களுக்குள், முட்டை வடிவத்தில் சிவந்த பழங்கள் தொங்கும். தோல் கசக்குமாதலால், வெந்நீரில் சற்றுப் போட்டு உரித்துவிட வேண்டும். உள்ளிருக்கும் சதை துவையலுக்கு வெகு நேர்த்தி. உருளைக்கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்த செடியாதலால், கிழங்கு விளைந்த நிலத்தில் இதை வைக்க வேண்டாம். வேர் ஆழமாகச் செல்லாது. காற்றுக்கு மறைவும் ஊன்றுகோலும் தேவை.

இரண்டுக்கும் பொதுவான சத்துரு உறைபனி. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப்போல் பள்ளத்தை நாடிச் சென்று தேங்கும். ஆகையால் பள்ளத்தை விட்டுச் சரிவில், வெயில் விழும் சுவரோரத்தில் நடுங்கள். மார்கழி, தை இரவுகளில் இளஞ்செடிகளுக்கு வைக்கோல் போர்வை அளியுங்கள்.

கொல்லையில் பல பயிர் உள்ள வீட்டில், ஒன்று பட்டுப்போனாலும் அடுப்பு அணையாது. வருகிற மழைக்காலத்தில் ஒரு சௌசௌக் காயையேனும் புதைத்துப் பார்க்கும்படி நேயர்களை வேண்டுகிறோம்.