நோய் நீங்கிய பின்னர்

மருதனார்மடச் சந்தியிலிருந்து காங்கேசன்துறை வீதிவழியே வடக்கு நோக்கிச் செல்வோர் சுன்னாகம், மல்லாகம் கடந்து தெல்லிப்பளையை அடைவர். அங்குள்ள புற்றுநோய் வைத்தியசாலை, 2011ஆம் ஆண்டிலே தெய்வேந்திரமுனை தொடங்கிப் பருத்தித்துறைவரை பலர் கூடி நடந்து திரட்டிய பொருளால் எழுந்து, 2013இல் திறக்கப்பெற்றது. அதற்கு முன்னர் எம்மவருட் பலர்க்கு மகரகமவே புகலாயிருந்தது. நோயைத் தீர்ப்பதற்கு இங்ஙனம் நாடே கூடி நடந்தது. நோய் தீர்ந்து வந்தவர்க்கு யாது செய்தோம் என்பதே யாம் எழுப்பும் வினா.

சிறுபிராயத்திலே மூளையிற் கட்டி வந்து பிழைத்தோரையே யாம் சிறப்பாகக் கருதுகின்றோம். பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களுள், குருதிப் புற்றுநோய்க்கு அடுத்தபடி மிகுதியாகக் காணப்படுவது மூளைக்கட்டியே. சிறுமூளையில் தோன்றும் மெடுலோபிளாஸ்டோமாவை எடுத்துக்கொள்வோம். கட்டியைச் சத்திரசிகிச்சையால் அகற்றி, மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் கதிர் பாய்ச்சி, மருந்தும் ஏற்றுவர். வசதி மிக்க நாடுகளிலே இன்று பெரும்பாலான பிள்ளைகள் பிழைக்கின்றனர். ஆயின் உயிரைக் காத்த கதிரே வளரும் மூளையின் நரம்பிழைகளைத் தாக்குகின்றது. முன் கற்றது அழிவதில்லை. புதியதைக் கற்கும் வேகமே குன்றுகின்றது. கபச்சுரப்பி பழுதுற்றால் உடல் வளர்ச்சி குறையும். சிஸ்பிளாற்றின் என்னும் மருந்து செவியைக் கெடுக்கும். அதுவும் உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளையே முதலிற் பறிக்கும்.

தமிழாசிரியர் இதனைக் கட்டாயம் அறிந்திருத்தல் வேண்டும். முன்னர் யாம் கற்பித்த ஒரு பாடசாலையில், இவ்வாறு பிழைத்து வந்த மாணவன் ஒருவன் இருந்தான். சொல்வதெழுதும்போது உயிரொலிகளிற் பிழை விடான். தகர சகரங்களிலே தடுமாறுவான். ஏனையோர் பத்துச் சொல்லை எழுதி முடிக்கையில் அவன் நான்காஞ் சொல்லில் நிற்பான். சோம்பல் என்று கடிந்தோம். “மந்தன்” என்றும் எம் வாயாற் சொன்னோம். செவிப்புலனைச் சோதித்த பின்னரன்றோ உண்மை வெளிப்பட்டது! முன்வாங்கில் இருத்திக் கூடுதல் நேரம் அளித்தபோது அவன் எழுதிய கட்டுரை, வகுப்பிற் பலருடையதினும் நன்றாயிருந்தது. அச்சொல்லை அவன் மறந்திருக்கலாம், யாம் மறந்திலேம்.

பாடசாலை விட்ட பின்னர் வருவது இதனினுங் கடுமை. ஐக்கிய அமெரிக்காவில் 1994இல் தொடங்கி, சிறுபிராயப் புற்றுநோயிலிருந்து தப்பிய ஆயிரக்கணக்கானோரை நோக்கிவரும் ஆய்வொன்றுண்டு. ஏனைப் புற்றுநோயிற் பிழைத்தவரினும் மூளைக்கட்டியிற் பிழைத்தவரே தொழிலின்றியும் மணமின்றியும் வாழ்வது மிகுதி என அது காட்டியது. பக்கவாதமும் இரண்டாவது கட்டியும் பல்லாண்டுகள் கழிந்தும் வரலாம். இங்கோ, கலியாணப் பேச்சுக் குழம்பிவிடுமென்று பெற்றோர் வைத்தியக் குறிப்புக்களைப் பெட்டியின் அடியில் ஒளிக்கின்றனர். அவர்களைக் குறைகூற யாம் துணியோம். அயலாரின் நாவு அத்தகையது. இடப்பெயர்வுகளிற் கடதாசிகளை இழந்தோரும் உளர். ஆயினும், இருபது ஆண்டின்பின் தலையிடியென்று செல்பவன், தன் தலைக்குக் கதிர் பாய்ச்சப்பட்டதைச் சொல்லாவிடின் வைத்தியர் எதனைத் தேடுவார்?

மும்பையிலுள்ள டாடா நினைவு வைத்தியசாலை, சிகிச்சை முடிந்த பிள்ளைகளைத் தொடர்ந்து பார்ப்பதற்கென்றே 1991இல் ஒரு கிளினிக்கைத் தொடங்கிற்று. உலக சுகாதார நிறுவனமோ, புற்றுநோயுற்ற பிள்ளைகளுள் நூற்றுக்கு 60 பேராவது 2030இற் பிழைக்கவேண்டுமென 2018இல் இலக்கு வகுத்தது. அவ்விலக்குக் கைகூடுமாயின், எம் வகுப்பறைகளுக்குத் திரும்பி வருவோர் தொகையும் பெருகுமன்றோ?

யூபிலி ஆண்டிலே வளைவு கட்டுவதை யாம் எதிர்க்கவில்லை. வளைவும் வேண்டியதே. அதன் செலவில் ஒரு சிறுபங்கு செவிக்கருவிக்கும் கிளினிக் செல்லும் பயணச் செலவுக்கும் ஒதுக்கப்படலாம். பரீட்சையிற் கூடுதல் நேரங் கோரும் விண்ணப்பத்தை வைத்தியச் சான்றுடன் காலத்தோடு அனுப்புவதற்கு ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்கலாம். இதற்குப் பணமே வேண்டியதில்லை.

மேற்கூறிய மாணவனுக்கு இப்பொழுது வயது 26. கணக்குப் பிழையின்றி எழுதுவான், மெல்லவே எழுதுவான். நேர்முகத் தேர்வில் வினாவை இருமுறை கேட்டமையால் இரண்டிடங்களில் அவனைத் திருப்பியனுப்பினர். எம் பழைய மாணவருள் கடையும் அச்சகமும் கணக்கலுவலகமும் நடத்துவோர் பலர். அவருள் ஒருவர் அவனை ஏற்று, ஆறு மாதம் பொறுத்திருந்து பார்க்கட்டும். உடன்படுவோர் சங்கச் செயலாளருக்கு எழுதுக.