ஏரி மறைந்தது, வழி மறையவில்லை

“ஆண்டுக்கொரு முறை பேட்டைத் தெருக்களை நிறுத்தி வைக்கும் இக்கரக ஊர்வலம் இன்னும் எதற்கு?” என்று கேட்போர் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களிடையே உளர். போக்குவரத்துக்கு இடையூறு என்பர்; பழமையின் எச்சம் என்பர். இக்கூற்றை நான் முற்றிலும் மறுக்கிறேன்.

நகரம் என்பது அலுவலகச் சுவரில் தொங்கும் வரைபடம் மட்டுந்தானா? வரைபடம் இன்றிருப்பதைக் காட்டும், நேற்றிருந்ததைத் துடைத்துவிடும். சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கையும், தர்மாம்புதி ஏரிப் படுகையில் பேருந்து நிலையத்தையும் அது காட்டும். 1890களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்நீர் வந்தது. 1974இல் காவிரி நீர் வந்தது. தண்ணீர் தொலைவிலிருந்து வரத் தொடங்கியபின், அருகிருந்த ஏரி வெறும் மனையாகவே நகரத்தார் கண்ணுக்குத் தோன்றலாயிற்று.

அவ்வாறு துடைக்கப்பட்டதை ஆண்டுதோறும் ஒரு மனித உடல் மீண்டும் எழுதிக் காட்டுகிறது. சைத்ர மாதப் பௌர்ணமி இரவில், திகளர்பேட்டைத் தர்மராயர் கோயிலிலிருந்து கரகம் புறப்படுகிறது. அதைச் சுமக்கும் ஆடவர் திரௌபதியின் கோலத்தில் பெண்ணுடை பூண்டு, மல்லிகை சூடி, கரகத்தைக் கையால் பற்றாமல் தலையில் நிறுத்தி நடக்கிறார். வாளேந்திய வீரகுமாரர்கள் சூழ்ந்து வருகின்றனர். பழைய பேட்டைத் தெருக்கள் வழியே, தவக்கல் மஸ்தான் தர்காவிலும் நின்று, விடியும் வரை செல்கிறது அந்நடை. சம்பங்கி ஏரியில் எஞ்சிய சிறு குளத்தருகே இன்றும் கரகச் சடங்கு நடைபெறுகிறது. இந்நடையில் நகரத்தின் நினைவு உறைந்திருப்பதை ஸ்மிருதி ஸ்ரீனிவாஸ் 2001இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இவ்விழாவை நடத்தும் திகளர் யார்? ஏரிநீரைப் பாய்ச்சிக் கீரையும் காயும் பூவும் விளைவித்த தோட்டக்காரர். தம் முன்னோர் தமிழ் நிலத்திலிருந்து வந்தவர் என்று கூறுவோர் அவர்களிடையே பலர். ஆர்க்காட்டுப் பக்கத்துச் சிற்றூர்களில் தெருக்கூத்தோடு வழிபடப்பெறும் அதே திரௌபதியே இங்கும் தெய்வம். நமக்கு முன்னே வந்த அவர்கள், இவ்வூரைக் காலால் அளந்து தமதாக்கிக்கொண்டனர். நாமோ ஐம்பதாண்டு வாழ்ந்தும் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையிலுள்ள சாலையை மட்டுமே அறிவோம்.

“கலைதானே வேண்டும்? சங்க மேடையில் கரகாட்டம் வைப்போமே” என்பர் சிலர். மேடைக்கு நான் பகைவன் அல்லன். ஆயினும் மேடைக் கரகம் எவ்வூரிலும் ஒன்றே. தெருக் கரகமோ திரும்பும் ஒவ்வொரு முனையிலும் இவ்வூரின் பெயரைச் சொல்கிறது.

“அந்நடை ஏரியைக் காக்கவில்லையே” எனின், உண்மைதான். காக்கத் தவறியது நடந்தவர்களா, மனை போட்டவர்களா? ஏரி இருந்ததென்று ஊரறியச் சாட்சி சொல்பவரையும் வீட்டிலிருக்கச் சொல்வது எவ்வகை நியாயம்?

வரும் பௌர்ணமியன்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பேட்டைக்குச் செல்லுங்கள். கரகத்தின் பின்னே நான்கு தெருவேனும் நடவுங்கள். மறுநாள் பேருந்து நிலையத்தில் நிற்கையில், “இங்கே ஓர் ஏரி இருந்தது” என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். அதன்பின்னும் ஊர்வலம் எதற்கென்று கேட்கத் தோன்றினால், கேளுங்கள்.