வாக்குக் கேட்கப் பெண், பதவிக்கு?

கே.ஆர். கௌரி அம்மா 2021 மே 11-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் தமது 101 வயதில் மறைந்தார். இரங்கற் செய்திகளின் ஈரம் காய்வதற்குள், சரியாக ஒரு வாரத்தில், அதே நகரில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி தனது புதிய அமைச்சர்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. மட்டன்னூர் தொகுதியில் 60,963 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றிருந்த கே.கே. ஷைலஜாவின் பெயர் அதில் இடம்பெறவில்லை. கேரளப் பேரவைத் தேர்தல்களில் அதுவரை எவரும் அவ்வளவு பெரிய வித்தியாசத்தில் வென்றதில்லை. நிபா காய்ச்சலையும் கரோனா தொற்றையும் எதிர்கொண்ட சுகாதார அமைச்சர் என்று உலகமே பேசிய ஒருவருக்குக் கிடைத்தது கட்சிக் கொறடா பொறுப்பு.

முதல்வர் பினராயி விஜயன் நீங்கலாக அனைவரும் புதுமுகங்களாக இருக்க வேண்டும் என்பது பொதுவான முடிவு, ஷைலஜாவைக் குறிவைத்து எடுக்கப்பட்டதல்ல என்று கட்சி விளக்கம் அளித்தது. அதை அப்படியே ஒதுக்கிவிடவும் முடியாது. தாமஸ் ஐசக், ஜி. சுதாகரன் போன்ற மூத்த அமைச்சர்களுக்கு அந்தத் தேர்தலில் போட்டியிடவே வாய்ப்புத் தரப்படவில்லை. புதிய அமைச்சரவையில் ஆர். பிந்து, வீணா ஜார்ஜ், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் ஜே. சிஞ்சுராணி என மூன்று பெண்கள் இடம்பெற்றதும் உண்மை. விதி எல்லோருக்கும் பொது என்றால் ஏற்கலாம். ஆனால் விதிக்கு விலக்கு என்று ஒருவர் இருக்கிறாரே, அந்த ஒருவர் மட்டும் எப்போதும் ஆணாகவே அமைவது எப்படி?

எப்போதும் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 1957-இல் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அமைச்சரவையில் வருவாய்த் துறையை ஏற்று, நிலச் சீர்திருத்தத்துக்கு வழி வகுத்தவர் கௌரி அம்மா. 1987 தேர்தலில் அவர்தான் முதல்வராகப் போகிறார் என்ற நம்பிக்கையை ஊட்டி இடது முன்னணி வாக்குக் கேட்டது. வென்ற பின் முதல்வரானவர் இ.கே. நாயனார். ஏழாண்டுகளுக்குள், 1994-இல், கௌரி அம்மா கட்சியிலிருந்தே நீக்கப்பட்டார்.

1996-இல் மீண்டும் ஒரு வாய்ப்பு வந்தது. மாராரிக்குளத்தில் வி.எஸ். அச்சுதானந்தன் எதிர்பாராமல் தோற்றுப்போக, முதல்வர் யார் என்பதைக் கட்சியின் மாநிலத் தலைமை முடிவு செய்ய வேண்டியதாயிற்று. அம்பலப்புழையில் வென்றிருந்த சுசீலா கோபாலனின் பெயர் முன்மொழியப்பட்டது. வாக்கெடுப்பில் மிகச் சொற்பமான வித்தியாசத்தில் அவர் தோற்றார். வென்றவர், அந்தப் பொதுத் தேர்தலில் போட்டியிடாத நாயனார். பெண் ஒருவருக்கு மக்கள் வாக்களித்தும் கட்சிக் குழு வாக்களிக்கத் தயங்கியதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. திருவனந்தபுரத்தில் அந்தக் கட்சியின் மாநிலத் தலைமையகம் சுசீலாவின் கணவர் ஏ.கே. கோபாலனின் பெயரைத் தாங்கி நிற்கிறது என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டியிருக்கிறது.

ஆக, சிக்கல் வாக்காளரிடம் இல்லை. கேரளத்தில் ஆண் வாக்காளர்களைவிடப் பெண் வாக்காளர்களே அதிகம். உள்ளாட்சி இடங்களில் சரிபாதி பெண்களுக்கு என்று 2009-இலேயே சட்டம் இயற்றி, 2010 தேர்தல் முதல் நடைமுறைப்படுத்தியது இடது முன்னணி அரசு. 21 வயது ஆர்யா ராஜேந்திரனை 2020-இல் திருவனந்தபுரம் மேயராக்கியதும் அதே முன்னணிதான். நாடாளுமன்றத்தில் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவை 1996-இல் ஆராய்ந்த கூட்டுக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கீதா முகர்ஜி. இப்படிச் சட்டம் கட்டாயப்படுத்தும் இடத்தில் பெண்கள் வருகிறார்கள். கட்டாயம் இல்லாத இடத்தில்? 1957-இல் கேரளப் பேரவைக்குத் தேர்வான பெண்கள் 6 பேர். 64 ஆண்டுகள் கழித்து, 2021 பொதுத் தேர்தலில் 140 இடங்களில் வென்றவர்கள் 11 பேர். அவர்களில் 10 பேர் இடது முன்னணியினர் என்று பெருமைப்பட்டுக் கொள்ளலாம். பிற கட்சிகளின் நிலை அவ்வளவு பரிதாபம்.

தமிழர்களுக்கு இதில் தனிப்பட்ட அக்கறை உண்டு. முதல் பேரவையின் இடைக்காலத் தலைவராக அமர்ந்த ரோசம்மா புன்னூஸ், தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த தேவிகுளம் தொகுதியிலிருந்து சென்றவர். அந்தத் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்து 1958-இல் இடைத்தேர்தல் நடந்தபோது, அவருக்காகப் பாவலர் வரதராசன் மலையேறிச் சென்று பாடினார். அதே மலையில், 2015 செப்டம்பரில், 20 சதவீத போனஸ் கேட்டு மூணாறு சாலையில் அமர்ந்த தமிழ்ப் பெண் தொழிலாளர்கள், எல்லாக் கட்சித் தொழிற்சங்கத் தலைவர்களையும் விலகிப் போகச் சொன்னார்கள். சிவப்புக் கொடிக்காரர்களும் விதிவிலக்கல்ல. கொழுந்து பறிப்பவர்கள் பெண்கள். அவர்களுக்காகப் பேச்சுவார்த்தை நடத்தியவர்கள் ஆண்கள். 'பெண்கள் ஒற்றுமை' என்ற பொருளில் பெயர் சூட்டிக்கொண்ட 'பெம்பிளை ஒருமை' அந்த ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில் தனித்து நின்று சில இடங்களில் வெல்லவும் செய்தது. தங்கள் சார்பில் பேசத் தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வழியில்லாத அமைப்பை உழைக்கும் பெண்கள் எப்படி நடத்துவார்கள் என்பதற்கு மூணாறு ஒரு எச்சரிக்கை.

கட்சிக்குள் இந்தக் குரல் எழாமல் இல்லை. 1998 கொல்கத்தா மாநாட்டில், பெண்களுக்கு உரிய இடம் தரப்படவில்லை என்று கூறி மத்தியக் குழு உறுப்பினர் பொறுப்பையே ஏற்க மறுத்தார் பிருந்தா காரத். அரசியல் தலைமைக் குழுவில் முதல் பெண்ணாக அவர் இடம்பெற மேலும் ஏழாண்டுகள் ஆயின. 2022-இல் எர்ணாகுளத்தில் மாநில மாநாடு நடந்தபோது, குழுக்களில் பாதி இடம் பெண்களுக்குக் கிடைக்குமா என்று செய்தியாளர்கள் கேட்டனர். கட்சியை அழிக்கப் பார்க்கிறீர்களா என்ற தொனியில் பதிலளித்த மாநிலச் செயலர் கோடியேரி பாலகிருஷ்ணன், அது வேடிக்கைப் பேச்சு என்று பின்னர் விளக்கினார். வேடிக்கையாகவே இருக்கட்டும். தலித்துகளையோ தொழிலாளர்களையோ பற்றிக் கேட்டிருந்தால் அந்த வேடிக்கை நாவில் வந்திருக்குமா?

2025 ஏப்ரலில் மதுரையில் நடந்த அகில இந்திய மாநாட்டில், வயது வரம்பின் காரணமாக பிருந்தாவும் சுபாஷிணி அலியும் விலகினர். மரியம் தவாளேயும் தமிழகத்தின் உ. வாசுகியும் தலைமைக் குழுவுக்கு வந்தனர். தமிழகம் மகிழத்தக்க செய்திதான். ஆனால் இருவர் போய் இருவர் வந்ததால் எண்ணிக்கை நகரவில்லை. வந்த இருவரும் மாதர் சங்கத் தலைவர்கள். விவசாயச் சங்கத்திலிருந்தும், மாவட்டச் செயலர் பொறுப்பிலிருந்தும் ஆண்கள் மேலே வருகிறார்கள். பெண்களுக்குப் பெரும்பாலும் மாதர் சங்கம் ஒன்றே ஏணி. பெண்களின் பிரதிநிதி என்ற ஒற்றை அடையாளத்துக்குள் அவர்கள் அடைபட்டுப் போகிறார்கள். கட்சி தொடங்கி நூறாண்டு நிறையும் 2025-இல்தான், கேரளத்தில் தனது முதல் பெண் மாவட்டச் செயலராக சுமலதா மோகன்தாஸைப் பாலக்காட்டில் தேர்ந்தெடுத்தது இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி.

மாநாடுகளில் பதவி விலகும் குழுவே அடுத்த குழுவுக்கான பட்டியலைத் தயாரித்து முன்வைப்பது மார்க்சிஸ்ட் கட்சியின் வழக்கம். பிரதிநிதிகள் வேறு பெயரை முன்மொழியலாம். அப்போது ரகசிய வாக்கெடுப்பு நடக்கும். விதியில் இது இருக்கிறது. நடைமுறையில், பட்டியலுக்கு வெளியே நிற்பவர் கோஷ்டி அரசியல்காரராகப் பார்க்கப்படுகிறார். மதுரையில் மகாராஷ்டிரத்தின் டி.எல். கராட் துணிந்து மத்தியக் குழுவுக்குப் போட்டியிட்டு 31 வாக்குகள் பெற்றுத் தோற்றார். வானம் இடிந்து விழவில்லை. அடுத்த மாநில மாநாட்டில் கண்ணூரிலிருந்தோ தேவிகுளத்திலிருந்தோ வரும் ஒரு பெண் பிரதிநிதி, பட்டியலில் தன் பெயர் இல்லாதபோதும் எழுந்து நின்று போட்டியிடுகிறேன் என்று சொன்னால், அவரை மாவட்டச் செயலர் தனியே அழைத்துச் 'சமாதானம்' செய்யாமல் இருக்க வேண்டும். வாக்குப் பெட்டியை வைத்து, எண்ணி, கிடைத்த எண்ணிக்கையை வெளியே சொல்ல வேண்டும்.