எழுபது வளைவும் இரண்டு படியும்

கொல்லிமலைத் தேவனூர் நாட்டில் எங்கள் ஊர் இளைஞர்கள் நடத்தும் உடற்பயிற்சி அறையைப் பற்றி யார் கேட்டாலும், "யாரு வேணா வரலாம், கதவு எப்பவும் திறந்துதான் இருக்கும்" என்று சொல்லிவந்தோம். அது பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு பதிலைச் சொல்லியே பல ஆண்டுகள் எங்கள் கடமையைத் தட்டிக்கழித்தோம். அந்தக் கதவுக்குள் வந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர். எல்லோரும் ஆண்கள், எல்லோரும் முப்பது வயதுக்குள். ஊர் அவ்வளவுதானா? இந்தக் கேள்வி எங்களுக்கு இத்தனை தாமதமாகத் தோன்றியது எங்கள் குற்றம். அதை ஒப்புக்கொள்ளவே இதை எழுதுகிறோம்.

அறை பெரிதில்லை. பெயின்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றிச் செய்த எடைகள், ஒரு பெஞ்ச், சுவரோடு சுவராகப் பதித்த புல்-அப்ஸ் கம்பி, இரண்டு கர்லா கட்டைகள். கைக்காசு போட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். அந்தப் பெருமையில், யார் உள்ளே வரவில்லை என்பதைப் பார்க்கத் தவறினோம்.

ஒரு நாள் சாயங்காலம், குச்சிக்கிழங்குக் காட்டிலிருந்து திரும்பிய அக்கா ஒருவர் வாசலில் நின்றார். "தம்பி, இடுப்பு வலிக்கு இதுல ஏதாச்சும் பயிற்சி இருக்குதா? நாங்களும் வரலாமா?" என்று கேட்டார். "உங்களுக்கு எதுக்குக்கா? காட்டு வேலையே உங்களுக்கு ஜிம்முதானே" என்றோம். சிரித்தோம். அவரும் சிரித்துவிட்டுப் போனார். அதன்பின் அவர் கேட்கவே இல்லை. வேறு எந்தப் பெண்ணும் கேட்கவில்லை.

நாங்கள் சொன்னது தவறு. நாள் முழுவதும் குனிந்து களை பறிப்பதும், ஒரே பக்கத் தோளில் சுமை தூக்கி மேடேறுவதும் உடற்பயிற்சி ஆகிவிடாது. டென்மார்க்கின் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மான் போன்ற ஆய்வாளர்கள் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார்கள். விரும்பிச் செய்யும் பயிற்சி தரும் நன்மையை, ஓய்வில்லாத கடும் உடலுழைப்பு தருவதில்லை என்கிறார்கள். வேலையில் எப்போது நிறுத்துவது, எவ்வளவு தூக்குவது என்பது நம் கையில் இல்லை, பயிற்சியில் இருக்கிறது. அந்த அக்கா கேட்டது அதைத்தான்.

அவர் வந்திருந்தாலும் உள்ளே நின்றிருக்க முடியுமா? அறையில் ஆள் இருக்கும் நேரம் மாலை ஆறு முதல் எட்டு வரை. அது அடுப்படி நேரம். நாங்கள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஸ்பீக்கரில் பாட்டை அலறவிட்டுக்கொண்டிருப்போம். "வராதீங்க" என்று நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. அந்த நேரமும் சத்தமும் எங்களுக்காக அதைச் சொல்லிவிட்டன.

இன்னொரு தவறு, எழுதும்போதே கை கூசுகிறது. மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறி, விழுந்து, ஒரு கால் சரியாக ஊன்ற முடியாமல் போன தம்பி ஒருவன் எங்கள் கூட்டாளி. தினமும் வருவான். அறைக்கு வெளியே கல்லில் உட்கார்ந்துகொண்டு, நாங்கள் எடுக்கும் தண்டாலையும் பஸ்கியையும் எண்ணுவான். எண்ணுவது அவனுக்குப் பிடிக்கும் என்றே நினைத்திருந்தோம். வாசலில் இரண்டு படி, பிடித்து ஏறக் கைப்பிடி கிடையாது. அதனால்தான் அவன் வெளியே உட்கார்ந்தான். அறைக்குள் சுவரில் மாரியப்பன் தங்கவேலுவின் படம் ஒட்டியிருந்தோம். பக்கத்துச் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டிப் பிள்ளை, 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியவர். ஐந்து வயதில் பேருந்து ஏறி நசுங்கிய காலோடு அவர் எப்படிச் சாதித்தார் என்று மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம். அதே ஆண்டில் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விளையாட்டில் அவர்களுக்குச் சம இடம் தர வேண்டும் என்கிறது. அத்தனையும் பேசிய நாங்கள், படிக்குப் பக்கத்தில் ஒரு குழாயை நட்டுக் கைப்பிடி வைக்கவில்லை.

வயதானவர்களை நினைத்துப் பார்க்கவே இல்லை. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் 3 நாளாவது உடல் சமநிலைக்கும் வலுவுக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது, கீழே விழுவதைத் தடுக்கத்தான். மழை பெய்தால் வழுக்கும் சரிவில் வாழும் எங்கள் பாட்டி தாத்தாவைவிட அது யாருக்கு அதிகம் தேவை?

ஏன் இப்படி இருந்தோம்? ஆடி 17, 18 நாட்களில் செம்மேட்டில் நடக்கும் வல்வில் ஓரி விழாவையும் வில் போட்டியையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். வலிமை என்றாலே இளைஞனின் புஜம்தான் என்று மனதில் பதிந்துவிட்டது. அது விழாவின் குறையல்ல, நாங்கள் அதைப் புரிந்துகொண்ட விதத்தின் குறை.

அடுத்தவரைக் குறை சொல்ல மட்டும் தயங்கியதில்லை. 2016-ல் அரசு, ஊராட்சிகளில் 500 அம்மா உடற்பயிற்சிக் கூடங்களைத் தலா 10 லட்சம் ரூபாயில் அமைக்கப்போவதாக அறிவித்தது. பின்னாளில் அவற்றில் பல பூட்டிக் கிடப்பதாகவும், பயிற்றுநர் இல்லாமல் கருவிகள் துருப்பிடிப்பதாகவும் செய்தி வந்தபோது டீக்கடையில் ஆத்திரப்பட்டோம். எங்கள் அறையின் சாவி எங்கள் பையில்தான் இருந்தது.

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எங்கள் மலைக்கு மேலே வர 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரே மூச்சில் ஏற முடியாத உயரத்தை, வண்டி ஏறும் அளவுக்குப் பிரித்துக் கொடுப்பதற்காகத்தான் அத்தனை வளைவு. இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சக்கர நாற்காலிச் சரிவுக்கும் அதே கணக்குதான்: ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். எங்கள் இரண்டு படியும் சேர்ந்து ஒன்றேகால் அடி. பதினைந்து அடிச் சரிவு போதும். பெண்களுக்கு ஏற்ற நேரம், பாட்டிக்கு ஒரு நாற்காலி, புதிதாக வருபவருக்குப் பக்கத்தில் நின்று சொல்லித்தர ஓர் ஆள், எல்லாமே இப்படி ஏற்றத்தைப் பிரித்துக் கொடுக்கும் வேலைதான். எதற்கும் பெரிய காசு வேண்டாம்.

கைப்பிடிக் குழாயைப் போன வாரம் நட்டோம். எந்த உயரத்தில் வேண்டும் என்று தம்பியிடமே கேட்டு நட்டோம். சரிவுக்குக் கல் இறக்கியிருக்கிறோம். எந்த நேரம் தோதுப்படும், யாரிடம் சாவி இருந்தால் நல்லது என்று கேட்க அந்த அக்காவின் வீட்டுக்குப் போனோம். அன்று சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டோம்.

அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. "நாலு பேர்கிட்டக் கேட்டுச் சொல்றேன் தம்பி" என்றார். அன்று நாங்கள் ஒரு நொடிகூட யோசிக்காமல் அவருக்குப் பதில் சொன்னோம். அவர் நிதானமாக யோசிக்கட்டும். அதற்குள் அந்தப் பதினைந்து அடியை நாங்கள் கட்டி முடிக்க வேண்டும்.